மெர்வினுக்கு ஒத்த தீர்ப்பு

சார், பதினான்கு வருடத்தில் நம் வக்கீல் ஆபீஸ் நூலகத்தில் ஒரு புத்தகத்தைக்கூடக் கரையான் தொட்டதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன், பயந்துபோய் அல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்களிடம் வேலைக்குச் சேருமுன், ராஜபாளையத்தில் எங்கள் சபைக்கு ஆர்கன் வாசித்தேன். ஒருநாள் மெர்வின் கீபோர்டோடு வந்தான். பட்டனைத் தட்டினால் தாளம் தானாக ஓடும்.

"அக்கா, நீங்க வாசிச்சா ஆளுக தூங்குதாக. செத்த ஒதுங்கிக்கோங்க."

பாடகர் குழுவே சிரித்தது. அடுத்த ஞாயிறு என் இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

இசைத்தாளில் நான்கு குரல்களை ஒரே பார்வையில் படித்த கண்ணுக்குப் பழைய தீர்ப்புத் தொகுதிகள் கடினமாக இல்லை. எந்த வழக்குக்கு எது பொருந்தும் என்று நான் எடுத்துத் தருவேன். நீங்கள் கோர்ட்டில் வாதாடுவீர்கள். கம்ப்யூட்டரைவிட என்னைத்தான் நம்பினீர்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் மெர்வினே நம் கட்சிக்காரனாக வந்தான். சேத்தூர்ப் பக்கம் ஒரு தோப்புக் கிணற்றில் அவன் சிநேகிதன் பிணமாகக் கிடந்தான். கடைசியாகக் கூட இருந்து குடித்தவன் இவன். அதற்குமேல் சாட்சி கிடையாது.

"ரெனிட்டா, இதுக்கு ஒத்த தீர்ப்பு எதாவது இருக்காம்மா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல சார்."

இருந்தது. அதிலும் ஒரு கிணறு, இரண்டு குடிகாரர்கள், ஒரு பிணம். அந்த ஆளை விடுதலை செய்திருந்தார்கள். அந்தத் தொகுதியைப் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். மெர்வினுக்கு ஆயுள் தண்டனை. கொடுத்தது நீதிபதி, நான் இல்லை. மேல்முறையீட்டின்போது மறுபடி கேட்டீர்கள். அப்போதும் இல்லை என்றேன்.

அவன் மனைவி இன்பம் மாதாமாதம் பஸ் ஏறி வருவாள். உங்களைப் பார்க்குமுன் என்னிடம் வருவாள்.

"எதாச்சும் கெடச்சுதாக்கா?"

"தேடிட்டுத்தான் இருக்கேன் இன்பம்."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். மூன்றாம் வருடம் அவன் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டான். அடக்க ஆராதனைக்கு என்னையே வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ஒரு சுரம் பிசகவில்லை.

போன வாரம் புது ஜூனியர் கல்பனா கம்ப்யூட்டரில் அந்தத் தீர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு, "மறந்துபோச்சுன்னு எழுதிக் குடும்மா, போதும்" என்றீர்கள். உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் நாளைக்கு ஒருவரும் ரெனிட்டாவுக்கு மறதி என்று சொல்லக் கூடாது. நீங்கள் கேட்ட இரண்டு முறையும் அந்தத் தீர்ப்பு எனக்குப் பக்க எண்ணோடு நினைவிருந்தது.