ரெண்டேகால்

– மூணாவது தடவைண்ணே. மூணாவது தடவையா இதே கடிகாரத்தைச் சுவத்துல இருந்து கழட்டி, துணியில சுத்தி, பஸ்ல மடியில வெச்சுத் தூக்கிட்டு வரேன். கண்டக்டரே கேக்குறார், குழந்தைக்கு உடம்பு இன்னும் சரியாகலையான்னு.

– உக்காருங்கம்மா, மூச்சு விடுங்க. முதல் தடவை பேட்டரி மாத்தினேன். போன தடவை புது மெஷினே போட்டேன். மூணு நாள் இங்க மாட்டி வெச்சிருந்தேன், ஒரு நிமிஷம் பிசகலை. இப்ப இதுல பழசுன்னு இருக்கிறது அந்தக் கண்ணாடியும் உங்க கோவமும்தான்.

– உங்க கடையில ஒழுங்காத்தான் ஓடும். எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் பேய் பிடிச்சுக்குது.

– என்ன பண்ணுது? நிக்குதா, மெதுவா ஓடுதா?

– ராத்திரி நல்லா ஓடுது. காலைல நல்லா ஓடுது. மத்தியானம் மட்டும் பின்னாடி போயிடுது. நேத்து அம்பது நிமிஷம். முந்தாநாள் முப்பத்தஞ்சு. செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். சாயங்காலம் போனைப் பாத்து நான்தான் திருத்தி வெக்கிறேன்.

– விஷயம் என்னன்னா, நான் இருபத்தெட்டு வருஷமா இந்த லென்ஸைக் கண்ணுல மாட்டிட்டு உக்காந்திருக்கேன். மத்தியானச் சோம்பல் மனுஷனுக்கு வரும். கடிகாரத்துக்கு வந்து பாத்ததில்ல. வீட்ல வேற கடிகாரம் கிடையாதா?

– போன்தான். பாட நேரம் ஆரம்பிச்சா அதைச் சத்தமில்லாம பண்ணி பீரோல பூட்டிடுவேன். இல்லேன்னா டீச்சரும் உருப்பட மாட்டா, பிள்ளையும் உருப்படாது. நாலு மணிக்குத்தான் எடுப்பேன். அப்பதான் என் வீட்டுக்காரர் லாரியை ஓரங்கட்டிட்டுக் கூப்பிடுவார். ஒரு மாசமா, நாலு மணின்னு நினைச்சு நான் எடுத்தா போன்ல மணி அஞ்சாகியிருக்கு. அவர் கூப்பிட்டு ஓஞ்சுபோய்க் கிளம்பியிருப்பார். "வீட்ல இருந்துக்கிட்டே போனை எடுக்க முடியாதா"ங்கிறார். வீட்ல இருக்கேன்னா என்னமோ ஊஞ்சல் ஆடிட்டு இருக்கிற மாதிரி.

– நீங்க டீச்சரா? எந்த ஸ்கூல்?

– எங்க வீட்டு ஹால். ஒரே வகுப்பு, ஒரே பிள்ளை. அதோ, கதவோரமா நின்னு உங்க கடிகாரங்களை எண்ணிட்டு இருக்காளே, அவதான். எட்டு வயசு.

– ஸ்கூலுக்கே அனுப்பலையா?

– அனுப்பினேன். ஆறு மாசம் வாயே திறக்கலை. கேள்வி கேட்டா குனிஞ்சுக்குவா. கூடப் படிக்கிறதுங்க மக்குன்னு பேர் வெச்சிடுச்சுங்க. வீட்ல ஓயாம பேசுற பிள்ளைண்ணே. ஒரு நாள் சட்டைக் காலரைக் கடிச்சுக் கடிச்சு நூல் நூலா ஆக்கிட்டு வந்து நின்னா. அன்னிக்கோட நிறுத்திட்டேன். நாத்தனார் கேட்டாங்க, "நீ என்ன வாத்தியாருக்கா படிச்சிருக்க"ன்னு. "பெத்திருக்கேன்ல, படிச்சுக்கிறேன்"னேன். வாய்க்கொழுப்பு.

– நல்லாத்தானே சொன்னீங்க.

– சொல்றது சுலபம். அஞ்சு மணிக்கு எழுந்து சமையல், துணி, எட்டரைக்கு வகுப்பு. நானே டீச்சர், நானே ஆயா, நானே பெல் அடிக்கிறவ. அவ தூங்கினப்புறம் மறுநாள் பாடத்தை நான் உக்காந்து படிக்கணும். பின்னம்னா என்னன்னு முப்பத்தாறு வயசுல இப்பதான் எனக்கே புரிஞ்சிருக்கு. மத்தியானம் ரெண்டு மணி அடிச்சா கண்ணு தானா செருகிடும். அவ கையில கலர் டப்பாவைக் குடுத்து, "படம் வரை, பதினஞ்சே நிமிஷம் கட்டையைச் சாய்ச்சிட்டு வந்துடுறேன்"னு பாயில விழுவேன்.

– விழுங்க, அதுல என்ன.

– திருட்டுத் தூக்கம்ண்ணே அது. இவளுக்கு மணி பாக்கத் தெரிஞ்சா நிம்மதியாத் தூங்கலாம். மத்ததெல்லாம் சட்டுனு பிடிச்சுக்கிறா. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழா ஒப்பிப்பா. இந்தப் பெரிய முள்ளு சின்ன முள்ளு மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குது. அட்டையில கடிகாரம் செஞ்சு குடுத்தேன். "இதை மட்டும் கத்துக்கிட்டா, ரெண்டேகாலுக்கு அம்மாவை எழுப்புற வேலை உனக்குத்தான்"னு ஆசை காட்டினேன். ஒண்ணும் நடக்கல. என்ன கேட்டாலும் "தெரியலம்மா." போன வாரம் கத்தியே விட்டேன்.

– கத்தினா முள்ளு நகராதும்மா.

– தெரியுது. கத்தினது அவ மேல இல்ல, என் மேலதான். எனக்கு முடியலண்ணே. கையாலாகாதவளா இருக்கேன்னு தோணிடுச்சு. ஸ்கூல்ல சேக்குறதுக்குப் பாரம் வாங்கி எழுதி இந்தப் பையிலதான் வெச்சிருக்கேன். திங்கக்கிழமை பழைய ஸ்கூல்லயே கொண்டு போய் விட்டுடுறேன்.

– பிள்ளைக்குத் தெரியுமா?

– சொல்லிட்டேன். "மணி பாக்கக்கூட என்னால சொல்லிக் குடுக்க முடியல, நீ அங்கயே போய்க் கத்துக்கோ"ன்னு. காலரை மட்டும் வாயில வெச்சுக்கிட்டா.

– ம்ம். இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க. விஷயம் என்னன்னா, முதல் தடவை வந்தப்போ உங்க கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கிடந்துச்சு. இப்ப முகத்துல ஒரு தெளிவு இருக்கே.

– டானிக் குடிக்கிறேன், ஒரு மாசமா. கசப்புன்னாலும் வேலை செய்யுது.

– ஒரு மாசமா. சரி. தூங்கி எழுந்தா கடிகாரத்துல மணி எத்தனை இருக்கும்?

– ரெண்டேகால். அதுல மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எப்பக் கண்ணு முழிச்சாலும் டாண்ணு ரெண்டேகால். உடம்புக்குள்ளயே அலாரம் இருக்கு.

– தினமும்?

– தினமும்.

– ஒரு நாள் முப்பத்தஞ்சு நிமிஷம் போகுது. ஒரு நாள் எழுபது நிமிஷம் போகுது. ஆனா நீங்க முழிக்கும்போது மட்டும் டாண்ணு ரெண்டேகால்.

– ஆமா. எதுக்குண்ணே சிரிக்கிறீங்க?

– டார்ச்சை இந்தப் பக்கம் அடிங்க. மெஷினுக்குப் பின்னாடி, முள்ளைத் திருப்புற சின்னத் திருகு. நான் மாட்டினப்போ வெள்ளை. இப்ப என்ன கலர்?

– நீலம்.

– ஓரத்துல?

– பச்சை. இது அவ கலர் டப்பாவோட... இல்லண்ணே, இருக்காது. அவளுக்குத்தான் மணியே தெரியாதே.

– விளையாட்டுக்குத் திருகியிருந்தா ஒரு நாள் பத்து மணி காட்டும், ஒரு நாள் ஏழரை காட்டும். இது தெரிஞ்ச கை.

– ஆணி அவ்வளவு உசரத்துல இருக்கு, எட்டவே எட்டாது.

– வீட்ல ஸ்டூல் இருக்கா?

– இருக்கு.

– அம்மா, கிளம்பலாமா? பஸ்ஸுக்கு இன்னும் ஏழு நிமிஷம்தான் இருக்கு.

– இருங்கம்மா, நீங்க பேசாதீங்க, நான் கேக்குறேன். பாப்பா, பஸ் எத்தனை மணிக்கு?

– அஞ்சு நாப்பதுக்கு அங்கிள்.

– இப்ப மணி என்ன?

– தெரியாது.

– தெரியாமலா ஏழு நிமிஷம்னு சொன்ன? இங்க நாப்பது கடிகாரம் தொங்குது, நாப்பதும் நாப்பது மணி காட்டுது. நீ எதைப் பாத்துச் சொன்ன?

– சொல்லு பாப்பா. அம்மா கோவிச்சுக்க மாட்டேன்.

– அந்த மீன் படம் போட்டது. அங்கிள் கையில கட்டியிருக்கிற வாட்சும் அதுவும் மட்டும்தான் ஒரே மணி காட்டுது. அப்ப மத்ததெல்லாம் தப்பு.

– கேட்டுக்கோங்கம்மா. எனக்கே சில நாள் எது சரின்னு குழம்பும்.

– எப்ப இருந்துடி உனக்குத் தெரியும்?

– அட்டையில செஞ்சு குடுத்தியே, அன்னிக்கே.

– அப்ப நம்ம வீட்டுக் கடிகாரத்தை...

– ம். நீ முதல்ல புரண்டு படுப்ப. அப்புறம் கால் விரலை ஆட்டுவ. அப்படின்னா முழிக்கப் போறன்னு அர்த்தம். உடனே ஸ்டூல்ல ஏறி ரெண்டேகால்ல வெச்சிட்டு இறங்கிடுவேன். ஒரு நாள் ரெண்டு இருபதுக்கே விரலை ஆட்டிட்ட. அன்னிக்கு அஞ்சு நிமிஷம்தான் கிடைச்சுது.

– விழுந்து வெச்சிருந்தா?

– ஸ்டூலுக்குக் கீழ கால் மிதியடி போட்டுக்குவேன். ஆடாது, சத்தமும் கேக்காது.

– நான் என்னமோ டானிக்னு நினைச்சேன்.

– டானிக்தாங்கம்மா. கசப்பில்லாதது.

– அண்ணே, ஒரு பேனா குடுங்க. பாப்பா, இந்தத் தாளைப் பிடி, பின்பக்கம் வெள்ளையா இருக்கு பாரு. நாளையில இருந்து புது டைம்டேபிள், நீயே எழுது.

– இது ஸ்கூல் பாரமாச்சேம்மா. கிறுக்கினா அங்க வாங்க மாட்டாங்க.

– வாங்க வேணாம். காலைல பாடமெல்லாம் பழைய மாதிரியே எழுது. நிறுத்தி நிதானமா எழுது, கோணல் வேணாம். எழுதிட்டியா? இப்ப ரெண்டு மணியில இருந்து மூணேகால் வரைக்கும்னு போடு.

– போட்டாச்சு. என்ன பாடம்?

– அம்மா தூக்கம்.

– அப்படியே எழுதவா?

– அப்படியே. நாலு மணிக்கு அப்பா போன், எடுக்க வேண்டியது நீ. பீரோ சாவியும் உன்கிட்டதான். முதல்ல அவர்கிட்ட சொல்லு, அம்மா வீட்ல சும்மா இல்லைன்னு.

– அம்மா, பஸ் போயிடுச்சு.

– போகட்டும். அடுத்தது எப்ப?

– ஆறு அஞ்சுக்கு. இன்னும் இருபத்திமூணு நிமிஷம் இருக்கு.

– அப்ப உக்காருங்க, டீ சொல்றேன். விஷயம் என்னன்னா, கடிகாரத்துல ஒரு கோளாறும் இல்ல. அந்தத் திருகை மட்டும் நான் துடைக்க மாட்டேன், அது அப்படியே இருக்கட்டும்.

– பாப்பா, இங்க வா. எனக்கு ஒண்ணுதான் புரியல. அந்த ஸ்கூல் பேரைச் சொன்னாலே நீ காலரைக் கடிக்க ஆரம்பிச்சிடுவ. மணி தெரியலைன்னுதானே அங்கயே திரும்ப அனுப்பப் போறேன்னு சொன்னேன். அப்பவாவது, "எனக்குத் தெரியும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

– தெரியும்னு சொன்னா, ரெண்டேகாலுக்கு உன்னை எழுப்பணுமேம்மா.