வீட்டுக்குள் வேர்த்த துப்பாக்கி

நாபாச்சி: அந்த இடத்தத் தேய்க்காத. அப்படியே விடு.

எனூக்கி: ஏன்? அதுவும் துருதானே, போகட்டுமே...

நாபாச்சி: சொல்றேன்ல. மொதல்ல குழாய் வாயில ரப்பர வச்சு அடை. நாம பூசப் போற பூச்சு உள்ள எறங்கிட்டா அப்புறம் குண்டு எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது.

எனூக்கி: புருசனுக்குத் துப்பாக்கிப் பாடம் எடுக்கற பொண்டாட்டி இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்.

நாபாச்சி: நீ தூண்டில் போட்டுட்டு இருந்த காலத்துலயே எங்கப்பாவோட பனிக்கடலுக்குப் போய் சீல் வேட்டையாடினவ நான்.

எனூக்கி: ஆரம்பிச்சிட்டா...

நாபாச்சி: மூக்கச் சுருக்காத. வேண்டாம்னா வாயத் திறந்து வேண்டாம்னு சொல்லு.

எனூக்கி: வேண்டாம். சாயங்காலம் ஜேபூட்டி வந்து எடுத்துட்டுப் போகப் போறான். என் சித்தப்பா பையன்தானே, துருவோட குடுத்தா கோவிச்சுக்க மாட்டான். அவனே தேய்ச்சுக்குவான்.

நாபாச்சி: எனூக்கி துப்பாக்கி துருப் பிடிச்சுக் கிடக்குதாமேன்னு கூட்டுறவுக் கடையில என்கிட்டயே வந்து கேப்பாங்க. கல்லாவுல உக்காந்துட்டு நான் என்ன பதில் சொல்ல?

எனூக்கி: கேக்கட்டும். வலது கண்ணு அவிஞ்சவனுக்குத் துப்பாக்கி எதுக்குன்னு இப்பவே சிரிக்கறாங்க.

நாபாச்சி: யாரு சிரிச்சா? பேரச் சொல்லு.

எனூக்கி: பேரு எதுக்கு இப்ப?

நாபாச்சி: ஒருத்தரும் சிரிக்கல. யாரு சீல் அடிச்சாலும் நமக்குப் பங்கு கொண்டாந்து வச்சிட்டுப் போறாங்க.

எனூக்கி: அதுதான் புள்ள தொண்டையில எறங்க மாட்டேங்குது. எத்தனை வீட்டுக்கு நான் கறி குடுத்திருக்கேன். இப்ப என் வாசல்ல கொண்டாந்து வைக்கறாங்க...

நாபாச்சி: ...அந்த அசிட்டோன எடு. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு இருந்தாலும் பூச்சு ஒட்டாது. ஏய், வெறுங்கையால தொடாத. கையுறை போடு.

எனூக்கி: எண்ணெய் தடவினா போதாதா? எதுக்கு இவ்வளவு கூத்து?

நாபாச்சி: எண்ணெய் எத்தனை நாளுக்கு? ரெண்டு அலை தெறிச்சாப் போயிடும். இது பீங்கான் கலந்தது. காஞ்சு இறுகிட்டா லேசுல உரியாது. படகுல கிடக்கலாம், பனியில கிடக்கலாம்.

எனூக்கி: காய எவ்வளவு நேரம் ஆகும்?

நாபாச்சி: நேரமில்ல, அஞ்சு நாள். வீட்டுச் சூட்டுல. இதோ இந்த உத்தரத்துல தொங்கவிடணும்.

எனூக்கி: வீட்டுக்குள்ளயா? இனுயிட் வீட்ல துப்பாக்கிய உள்ள வச்சவங்க உண்டா? அது வெளி அறைக் குளிர்லயே கிடக்கணும். உள்ள சூட்டுக்கு வந்தா இரும்பு மேல தண்ணி வேர்க்கும், வேர்த்தா துரு. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

நாபாச்சி: தெரியுதில்ல?

எனூக்கி: என்ன?

நாபாச்சி: ஒண்ணுமில்ல... நேத்தே உள்ள கொண்டாந்துட்டேன். வேர்த்து அடங்கி உலர்ந்திருச்சு. அதனாலதான் இன்னைக்குப் பூசறோம்.

எனூக்கி: அஞ்சு நாளுன்னா ஜேபூட்டிக்கு என்ன சொல்ல? வந்து நிப்பானே.

நாபாச்சி: டீ குடிச்சிட்டுப் போகட்டும். எனூக்கி... இந்தத் துரு எப்படி வந்துச்சு?

எனூக்கி: புயல் அடிச்சுதே, அப்ப வெளி அறைக் கதவு திறந்துகிச்சு. பனி உள்ள ஏறிருச்சு.

நாபாச்சி: பக்கத்துல மாட்டியிருந்த ரம்பம் பளபளன்னு இருக்கு.

எனூக்கி: அது... அது வேற இரும்பு.

நாபாச்சி: ஆமாமா. புயலு ஆளப் பாத்து அடிச்சிருக்கு.

எனூக்கி: வேலையப் பாரு புள்ள.

நாபாச்சி: வேலையத்தான் பாக்கறேன். வெளிச்சத்துக்கு வா. தேய்க்காதன்னேனே, அந்த இடம்... இது என்ன?

எனூக்கி: துரு.

நாபாச்சி: விரல் தடம். வேர்வை பட்ட இடத்துல அரிச்சிருக்கு. இடது பக்கம் நாலு விரல், வலது பக்கம் கட்டைவிரல். இது வலது கையால தாங்கிப் பிடிச்ச பிடி. இடது கண்ணால குறி பாக்க இடது தோள்ல வச்சவன் பிடி.

எனூக்கி: ...

நாபாச்சி: பேச வேண்டாம். ஆமான்னா புருவத்தையாவது உயர்த்து.

எனூக்கி: ...சரி. ஆமா. நீ கடைக்குப் போனதும் உள்ள கொண்டாருவேன்.

நாபாச்சி: தினமுமா?

எனூக்கி: தினமும். வெளிய பழகினா ஊரே பாக்கும். இந்த வயசுல இடது தோள்ல வச்சுக்கிட்டுத் தடுமாறறத... வெக்கமா இருந்துச்சு நாபாச்சி. அடுத்த குண்டு ஏத்த இழுக்கற போல்ட்டு வேற வலது பக்கம். இடது கைய மேலால கொண்டு போய் இழுக்கறதுக்குள்ள சீல் முங்கிரும்.

நாபாச்சி: வேர்க்கும்னு தெரிஞ்சும்...

எனூக்கி: தெரிஞ்சேதான். ஒவ்வொரு தடவையும் துடைச்சேன். ஒரு கண்ண வச்சுக்கிட்டுத் துடைச்சா எவ்வளவுதான் தெரியும்? ஒரு நாள் கையில சொரசொரன்னு தட்டுப்பட்டுச்சு. கண்ணும் போச்சு, துப்பாக்கியையும் கெடுத்துட்டேன். போதும், அவன்கிட்ட குடுத்துடலாம்னு தோணிருச்சு. சிரிக்கறதுன்னா சிரி.

நாபாச்சி: குறி நிக்குதா?

எனூக்கி: என்னது?

நாபாச்சி: இடது தோள்ல. குறி நிக்குதா, ஆடுதான்னு கேக்கறேன்.

எனூக்கி: ...மொதல்ல ஆடுச்சு. இப்ப நிக்குது. காலண்டர்ல வாத்து இருக்கே, அதோட கண்ணுலயே நிக்குது.

நாபாச்சி: அப்பச் சரி. இந்தப் பூச்சு டப்பாவ நல்லாக் குலுக்கு. அடியில தங்கிக் கிடக்கும்.

எனூக்கி: இரு, இரு... ஜேபூட்டிக்குக் குடுக்கப் போறேன்னு நான் சொன்னதே போன வாரம். இந்த டப்பா தெற்கேருந்து வந்து சேரவே எத்தனையோ வாரம் ஆகுமே. நீ எப்ப இதுக்குச் சொல்லி அனுப்பின?

நாபாச்சி: ஒரு மத்தியானம் டீ குடிக்க வந்தேன்யா. ஜன்னல்ல பாத்தா நீ அந்த வாத்தக் குறி வச்சுக்கிட்டு நிக்கற. அப்படியே கடைக்குத் திரும்பிப் போய் இத வரவழைக்கச் சொன்னேன். துப்பாக்கியத் தர மாட்டோம்னு ஜேபூட்டிகிட்ட நேத்தே சொல்லியாச்சு. கடல் உப்புக்கா இத வாங்கினேன்... நீ தினமும் உள்ள கொண்டாந்து பழகினாலும் துரு ஏறக் கூடாதுன்னு வாங்கினது.