வாப்பாவின் பழைய கொம்பியூட்டர்

பிளேன்டீ ஆறிப்போகிறது, குடித்துக்கொண்டே கேள் மகள். நீ கேட்டது சின்னக் கேள்வி, ஷிபானா. அதற்குக் கதவைச் சாத்தத் தேவையில்லை. வாப்பா தூங்குகிறார். மாத்திரை போட்டால் அஸர் தொழுகை வரை எழும்பமாட்டார்.

உன் மாப்பிள்ளை நஸீப் கெட்டிக்காரன். கொழும்பிலிருந்து வந்த கையோடு அந்தப் பழைய கொம்பியூட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமி, இது டிஸ்க் பழுதில்ல. யாரோ ஒரு எழுத்த மாத்தி ஈக்கி" என்றான். அப்போதே நீ என் முகத்தைப் பார்த்தாய்.

அது நாங்கள் கல்யாணம் முடித்த வருடம் வாங்கியது. டீவியில் பொருத்த வேண்டும். போட்டதும் டிஸ்கில் உள்ள கட்டளைகளை மேலிருந்து கீழாக வாசிக்கும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அந்த வரியிலேயே நின்றுவிடும். அந்தக் கட்டளைகளைப் புத்தகத்தைப் பார்த்து நான் வாசிக்க வாசிக்க அவர் தட்டினார். திருத்துவது எப்படி என்று எனக்கும் காட்டித் தந்தார். நீ பிறந்தபின் நான் குசினி அடுப்போடு ஆகிவிட்டேன். அன்று வாசித்தது யார் என்பதை அவர் மறந்தே போனார். அவர் உண்மையில் மறந்தது அது ஒன்றைத்தான்.

ஊருக்கெல்லாம் அவர் கணக்குப் படிப்பித்த மர்சூக் சேர். ரிட்டையரானதும் அந்தக் கொம்பியூட்டர் அறையே கதியென்று கிடந்தார். சோற்றை வைத்துவிட்டு வருவேன், யார் வைத்தது என்று தலை நிமிர்த்திப் பார்க்கமாட்டார். எனக்கு வயிறெரிந்தது, அதை மறைக்கவில்லை. ஒருநாள் அவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போன நேரம், எனக்கு இன்னும் கை வருமா என்று பார்க்கத்தான் அதைத் தொட்டேன். ஓர் எழுத்தை மாற்றி வைத்தேன்.

பிழையை அவர் சுருக்காகவே கண்டுபிடித்துவிட்டார். செய்தது யார் என்பதுதான் அவரை அரித்தது. இந்த வீட்டில் அதைத் தொடத் தெரிந்தவர் தான் மட்டும்தானே என்று எண்ணினார். குசினிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து சரியா ஈந்திச்சே ஸக்கியா. நானே பிழையா அடிச்சிட்டேன் போல" என்றார். சுடச்சுட ரொட்டி போட்டுக் கொடுத்தேன். இரவு இஷா வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அடிக்கடி மாற்றினேன். உன் பெரியவாப்பா பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் கிடந்து மௌத்தானார் அல்லவா, அந்த நோய் தனக்கும் வந்துவிட்டது என்று வாப்பா அழுதார். நானும் கூட இருந்து அழுதேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று நீ நினைப்பாய். இல்லை, எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. கண்டிக்கு டொக்டரிடம் கூட்டிப்போனேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகரவேயில்லை, வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறதி எப்போதிருந்து என்று டொக்டர் என்னிடம்தான் கேட்டார். சொன்னேன். மாத்திரை எழுதித் தந்தார்.

மாத்திரை தொடங்கியபின் கொம்பியூட்டர் தேவைப்படவில்லை, கடைசியாக மாற்றிய எழுத்து அப்படியே கிடந்தது. மூக்குக் கண்ணாடியை இடம் மாற்றினால் போதுமாக இருந்தது. பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆட்கள் முன்னால் ஏதும் பிழைத்துவிடுமோ என்று வெட்கப்பட்டுப் பள்ளிக்குப் போவதையும் விட்டுவிட்டார். வீட்டில் அஸர் தொழுது, முஸல்லாப் பாயை மடித்துக்கொண்டு வருவார்.

"இன்னும் தொழல்லயே நீங்க" என்பேன்.

கையிலிருக்கும் முஸல்லாவைப் பார்ப்பார். பிறகு திரும்பிப் போய் முஸல்லாவை விரிப்பார். சில நாள் மூன்று தடவை கூட விரித்திருக்கிறார். தொழுகை கூடினால் நன்மைதானே, குறைந்தால்தானே குற்றம் என்று என் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது முழு நாளும் என்னோடுதான் இருக்கிறார். வெங்காயம் உரித்துத் தருகிறார். சாப்பிட்டேனா, குளித்தேனா என்று என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். எந்தப் பெண்சாதிக்கு இப்படி ஒரு புருஷன் கிடைப்பான்?

எல்லாவற்றையும் வாப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்கிறாய். தாராளமாகச் சொல். நஸீபையும் பக்கத்தில் வைத்துக்கொள், அந்த எழுத்தையும் காட்டச் சொல். வாப்பா பொறுமையான மனிசன், நீ சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு எழும்பிக் குசினிக்கு வந்து, "மகள் சொல்றது உண்மையா ஸக்கியா?" என்று என்னிடம்தான் கேட்பார்.