பதினாறாவது பெயர்

இந்த மின்விசிறி சத்தமாக ஓடுகிறது, மேடம். என் குரல் சின்னது. கேட்காவிட்டால் சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன். எல்லோரும் என்னைத் திரும்பச் சொல்லத்தான் சொல்வார்கள். பழகிவிட்டது.

நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் அழைத்து வரவில்லை. உங்கள் ஏட்டு முதலில், பை ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கும் கேட்கவில்லை.

என் பெயர் குணசுந்தரி. பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போய் வருகிறேன். வேதியியல் படித்தேன். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் ஆய்வுக்கூடத்தில் வேலை. உருட்டி வரும் கம்பியில் ஒரு துண்டு வெட்டி அனுப்புவார்கள். அதில் கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பேசத் தேவையில்லாத வேலை. அதனால் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் மில்லுக்கு ஒரு ஹாக்கி டீம் உண்டு. ஆட்டக்காரர்கள் காலையில் மில்லுக்குள் சின்ன வேலை ஏதாவது செய்வார்கள், மதியத்துக்குப் பிறகு பின்பக்க மைதானத்தில் பயிற்சி. யாரும் நிரந்தரம் இல்லை. ஏப்ரலில் கையெழுத்துப் போட்டால் மார்ச் வரைக்கும். டீமைக் கவனித்துக்கொள்பவர் பர்சனல் மேனேஜர் பூவராகவன் சார். கணக்குப் பார்ப்பது அவருக்கு அலுப்பு. ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "நீ சும்மா இருக்கிற பொண்ணு, எழுத்தும் அழகா இருக்கு. டீம் லிஸ்ட்ட நீ பாத்துக்கோம்மா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் அது என்னிடம் வந்தது. ஹாக்கி மட்டையை நான் கையில் எடுத்துப் பார்த்ததுகூட இல்லை.

டீமுக்குத் தலைமை அலுவலகம் ஒரு மேல்வரம்பு வைத்திருந்தது. எல்லோரும் சீலிங் என்பார்கள். பதினாறு பேரின் சம்பளமும் அதற்குள் அடங்க வேண்டும். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும். யாருக்கும் வருத்தம் வராமல் பிரித்துப் போடுவது என் பழக்கம். சிரமம்தான், ஆனால் முடிந்தது.

யேசுதாஸின் விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுக்களத்தில் ஆடுவார். நான் வந்த வருடம் கம்பிக் கட்டு ஒன்று சரிந்து அவருடைய இடதுகை விரல்கள் நசுங்கின. மட்டையைப் பிடிக்க முடியாமல் போயிற்று. அப்போதுதான் விதியைப் படித்தேன். மைதானத்தில் அடிபட்டால் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. மில்லுக்குள் அடிபட்டால் ஆளை நீக்க முடியாது. அவர் பெயர் டீமில் இருக்கும், சம்பளத்தை மட்டும் மில் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளும். சீலிங்கில் அவர் வரமாட்டார். அந்த இடத்தில் வெளியிலிருந்து, கோல் அடிக்கிற ஒரு நல்ல ஃபார்வர்டை எடுத்தார்கள். அந்த வருடம் இறுதிப் போட்டி வரை போனோம்.

"யேசுதாஸ் வெரலு நமக்கு ஒரு ஃபார்வர்ட வாங்கிக் குடுத்துச்சு" என்று பூவராகவன் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். யேசுதாஸும் சிரித்தார். இப்போது கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். தினமும் எனக்கு வணக்கம் சொல்வார்.

இந்த வருடத் தொடக்கத்தில் கம்பி விற்கவில்லை. முற்றமெல்லாம் கட்டுக்கட்டாகத் துருப்பிடித்துக் கிடந்தது. உலகம் முழுக்க அப்படித்தான் என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். சீலிங்கைக் குறைத்தார்கள். எப்படிப் பிரித்தாலும் பதினைந்து பேருக்கு மேல் அடங்கவில்லை.

"ராஜமாணிக்கத்த கழட்டிடு" என்றார் பூவராகவன் சார். "வயசாயிடுச்சு. நீயே பக்குவமா சொல்லிடும்மா. நான் சொன்னா சத்தம் போடுவான்."

நான் ஏதோ சொன்னேன்.

"சத்தமா சொல்லும்மா, காதுல வுழல."

"சரி சார்" என்றேன். முதலில் சொன்னது அது இல்லை.

ராஜமாணிக்கம் ஃபுல்பேக், பின்களத்தில் நிற்பவர். அவருடைய அப்பா இந்த மில் நிற்கும் நிலத்திலேயே நாற்று நட்டவராம். அவரே சொல்வார், பெருமையாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. தகவலாகச் சொல்வார். அவரிடம் சொல்வதற்காக மைதானத்துக்குப் போனேன். தகரக் கொட்டகையின் கீழே உட்கார்ந்து மட்டையின் பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பென்னி. டீமிலேயே சின்னவன், நன்றாக ஓடுவான்.

"இன்னா பாப்பா, வெயில்ல நடந்து வந்துக்கினு கீற? லேப்ல ஏசி புட்டுக்கிச்சா?" என்றார் ராஜமாணிக்கம்.

"அக்கா உன் ஓட்டத்த பாக்க வந்துச்சுண்ணே" என்றான் பென்னி. "நீ அந்தக் கோடிக்கு போய்ச் சேர்றதுக்குள்ள அது ரயில புடிச்சு ஊட்டுக்கே பூடும்."

"டேய் நைனா, ஓடறவன் ஓடிக்கினே இருப்பான். பந்து கடைசீல நிக்கிறவன்கிட்டதான் வந்தாவணும்."

பென்னி சிரித்துக்கொண்டே மைதானத்துக்குள் ஓடினான். ராஜமாணிக்கம் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். இந்த ஏப்ரல்ல கையெழுத்து போட்டா எனக்கு பத்தாவது வருசம். பத்து ஆனா பெர்மனென்ட்டு பண்ணுவாங்கல்ல? விக்டோரியா இப்பவே தெருவெல்லாம் சொல்லிக்கினு கீது. கேக்கறவங்களுக்கு பதில் சொல்றதே எனக்கு பேஜாரா போச்சு."

விக்டோரியா அவர் மனைவி.

நான் டீயைக் குடித்தேன். வாக்கியம் தயாராக இருந்தது. ரயிலில் வரும்போதே சொல்லிப் பார்த்திருந்தேன். 'அண்ணா, இந்த வருடம் உங்கள் பெயர் இல்லை.' அவ்வளவுதான்.

"பாக்கறேண்ணா" என்றேன்.

"நீ பாத்தா சரியா இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் டீ கொடுத்தார். சொல்ல முடியவில்லை. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, நீங்கள் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. அது கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு அப்படித் தோன்றாமல் இருக்கலாம்.

விதி நினைவுக்கு வந்தது. மில்லுக்குள் அடிபட்டவரை நீக்க முடியாது. அப்படியானால் பத்தாவது வருடம் வந்துவிடும், அவர் நிரந்தரமாகிவிடுவார். சீலிங்கில் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். பட்டியலில் பதினாறு பெயரும் இருக்கும். யாரையும் அனுப்ப வேண்டாம். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். இதைவிட நல்ல வழியை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

முழங்காலில் அவருக்கு வலி உண்டு. அதைக் காரணமாக எழுதி, காலை வேலையை ஆய்வுக்கூடத்துக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பம் தயாரித்தேன். பூவராகவன் சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ராஜமாணிக்கத்துக்கு மகிழ்ச்சி. "உக்காந்துக்கினே வேல, மேல காத்து வேற. பெரிய ஆபீசர் ஆயிட்டேன்" என்று எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு வந்தார்.

கம்பியில் கந்தகம் எங்கே திரண்டிருக்கிறது என்று பார்க்க, நீர் கலந்த கந்தக அமிலம் தேவைப்படும். வாங்கி வருவது அடர்த்தியான அமிலம். அதைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ராஜமாணிக்கம் அந்த வகுப்பு வரை படிக்கவில்லை.

அன்று அகலமான குடுவையில் அமிலத்தை நான் ஊற்றி வைத்தேன். பக்கத்தில் தண்ணீர் ஜாடி. கலந்து வையுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். எப்படிக் கலப்பது என்று சொல்லவில்லை. நான் எதுவும் செய்யவில்லை, மேடம். எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் தண்ணீர் ஜாடியைத் தூக்கினார்.

கையில் படும் என்றுதான் நினைத்தேன். யேசுதாஸுக்குப் போல. அவர் குனிந்து பார்ப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆட்டக்காரர்கள் எதையும் குனிந்துதான் பார்ப்பார்கள் என்று பிறகு தோன்றியது. பாதுகாப்புக் கண்ணாடி சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. நான் என்னுடையதைப் போட்டிருந்தேன்.

இரண்டு கண்ணும் போய்விட்டன.

குழாயடிக்கு இழுத்துப்போய், ஆட்கள் வரும்வரை முகத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தேன். டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

மில் விசாரணையில் ராஜமாணிக்கம் என் மேல் ஒரு சொல் சொல்லவில்லை. 'பாப்பா எல்லாம் சரியாத்தான் சொல்லிக் குடுத்துச்சு, நான்தான் அவசரப்பட்டு மாத்தி ஊத்திட்டேன்' என்று சொன்னாராம். ஏன் அப்படிச் சொன்னார் என்று ஆஸ்பத்திரியில் விக்டோரியா சொல்லித்தான் தெரிந்தது.

"சின்னப் பொண்ணு, ஏதோ நெனப்புல இருந்துச்சு, அதுக்கு வேல போயிடும்னு எங்க ஊட்டுக்காரு சொல்றாரு, தங்கச்சி" என்றாள். "கண்ணு போனத பத்தி ஒரு வார்த்த இல்ல. பாப்பா சாப்டுச்சா, பாப்பா பயந்துகினு கீதான்னு அதே கேள்வி. நீ ஒண்ணும் கவலப்படாத." என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாங்கிப்போன ஆரஞ்சை எனக்கே உரித்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அவர் அப்படிச் சொன்னதில் ஒரு பிசகு நேர்ந்துவிட்டது. ஊழியரின் கவனக்குறைவு என்று முடிவு எழுதினார்கள். நிரந்தர ஆணையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்னும் வரவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும். நானும் சொல்லியிருக்கலாம். என்னை யாரும் சரியாகக் கேட்கவில்லை.

மற்றபடி எல்லாம் நினைத்தபடி நடந்தது. அவர் சம்பளம் மில் கணக்குக்குப் போயிற்று. சீலிங்கில் எல்லோரும் அடங்கினார்கள். கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. ஏன் மிச்சம் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது எதற்கு வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுத வேண்டாம். சென்ற வாரம் பூவராகவன் சார் கூப்பிட்டார். வரும் ஏப்ரலுக்குச் சீலிங்கை இன்னும் குறைக்கிறார்களாம். "போன தடவ எப்படியோ சமாளிச்சிட்ட. இந்த தடவயும் ஏதாச்சும் வழி பாரும்மா" என்றார். கோல்கீப்பர் ரிஜ்வானுக்குத்தான் இப்போது அதிகச் சம்பளம். பழவேற்காட்டுப் பையன், போன மாதம்தான் நிக்காஹ் ஆயிற்று. எங்கள் டேபிளுக்கு பிரியாணி அனுப்பியிருந்தான். அவனிடம் போய் எப்படிச் சொல்வேன்?

நேற்று ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது, ரிஜ்வானுக்கு முழங்கால் வலி உண்டா என்று யாரைக் கேட்கலாம் என யோசித்துக்கொண்டிருந்தேன். மீஞ்சூர் வந்தபோதுதான் பொன்னேரியைத் தாண்டிவிட்டது தெரிந்தது. இறங்கி நடைமேடையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. பயம் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டுமே என்ற களைப்பு. அதனால்தான் வந்தேன். இனி பட்டியலை வேறு யாராவது போடட்டும்.

இரண்டு விஷயத்தை விட்டுவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அந்த மிச்சம். அமிலம் தெறித்த அன்று காலை நான் மில்லுக்குள் நுழையும்போது பென்னி கேட்டருகே காத்திருந்தான். "அக்கா, எனக்கு ரயில்வேல ஆர்டர் வந்துடுச்சுக்கா. ஏப்ரல்ல நான் கையெழுத்து போடல. மொதல்ல உனக்குத்தான் சொல்றேன்" என்றான். நல்லது என்றேன். பென்னி போய்விட்டால் மீதி பதினைந்து பேர். சீலிங்குக்குள் அடங்கிவிடும். ராஜமாணிக்கத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு நடந்து போகும்போதே இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ராஜமாணிக்கத்தின் சம்பளத்தை மில் கணக்கில் காட்டி, பட்டியலைத் தட்டச்சு செய்து முடித்திருந்தேன். அதை மாற்ற வேண்டும் என்றால் பூவராகவன் சாரின் அறைக்குப் போய், மேசை முன்னால் நின்று, எல்லாவற்றையும் விளக்க வேண்டும். சத்தமா சொல்லும்மா என்பார். அன்றைக்கும் எனக்குக் களைப்பாகத்தான் இருந்தது.

இன்னொன்று. நான் எதையும் செய்யவில்லை, சொல்லவில்லை என்று சொன்னேன் அல்லவா. ராஜமாணிக்கம் ஜாடியைத் தூக்கியதும் உடனே ஊற்றிவிடவில்லை. குடுவைக்கு நேரே பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத அதுலதானே ஊத்தணும், பாப்பா?"

நான் தலையாட்டினேன்.

ஆமாம் என்று வாய் திறந்து சொல்லவில்லை, மேடம். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.