பொட்டு வைத்த துப்பாக்கி

நம்ம நடைப்பயிற்சி சங்கத் தலைவர் கோவிச்சுக்கக் கூடாது... எடை மிஷின் சரியில்ல, மூணாவதா ஒண்ணு வாங்கணும்னு இப்ப தீர்மானம் வாசிச்சாரு பாருங்க, அதக் கேட்டதும் எனக்கு ஒரு ஆளு ஞாபகம் வந்துட்டாரு. சின்னக் கதைதான், டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுடுறேன்.

பச்சமலை அடிவாரத்துல மருதமுத்துன்னு ஒரு வேட்டைக்காரர். மான் சுட லைசென்ஸ் குடுத்த காலம் அது. இப்ப சுட்டா ஜெயிலு, அத ஞாபகம் வச்சுக்குங்க. அவருக்கு உசுரு எது? பொண்டாட்டியா? இல்ல. பொண்ணா? அதுவும் இல்ல... துப்பாக்கி.

மொதல்ல வச்சிருந்தது அவங்க அப்பாவோட நாட்டுத் துப்பாக்கி. இந்த மாதிரி ஒண்ணு உலகத்துலயே கெடையாதும்பாரு. விடியறப்ப அத தூக்கிட்டு மலையேறுவாரு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரை மேட்டுல, கொம்போட ஒரு மான் நிக்கும். சுடுவாரு... டமார். மான் விழாது. விழாதது மட்டுமா? ஓடவும் ஓடாது. அப்படியே நிக்கும்.

வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட சொல்லுவாரு. "அஞ்சல, அந்த மானுக்கு எவ்வளவு திமிருங்கற? சுட்டாலும் அசைய மாட்டேங்குது."

அந்தம்மா பாவம், கறிக்கு மசாலா அரைச்சு வச்சுட்டு உக்காந்திருக்கும். அரைச்ச மசாலா எங்க போகும்? கத்திரிக்காய்க்குப் போகும்.

தப்பு யாரு மேல? துப்பாக்கி மேலதான். ஒத்தைக் குழல் வாங்குனாரு. கொஞ்சுனாரு, எண்ணெய் போட்டாரு, சுட்டாரு... கத்திரிக்காய். ரெட்டைக் குழல் வாங்குனாரு. ஒண்ணு தப்புனா இன்னொண்ணு இருக்குன்னாரு. ரெண்டும் தப்புச்சு... கத்திரிக்காய்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. ஆயுத பூஜைக்கு நாம என்ன பண்ணுவோம்? சைக்கிளுக்கு வைப்போம், அருவாமணைக்கு வைப்போம், சந்தனம் குங்குமம். இவரு வேட்டைக்குப் போற அன்னைக்கெல்லாம் துப்பாக்கிக்கு வைப்பாரு. வைக்கட்டும், நல்லதுதான். எங்க வைப்பாரு? குழல் நுனியில குறி பாக்க ஒரு சின்ன முனை இருக்கும்ல... அதுதான் துப்பாக்கிக்கு நெத்தின்னு அது மேலயே அப்பி வைப்பாரு. பக்தி அதிகமாக அதிகமாகப் பொட்டும் பெருசாச்சு.

பொண்ணுக்குக் கல்யாணம் வந்துச்சு. மனுசன் சும்மா இருந்தாரா? சம்பந்தி வீட்டு ஆளுங்க அத்தன பேரு முன்னாடியும், மறுவீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு என் கையால சுட்ட மான்கறிதான் விருந்துன்னு சொல்லிட்டாரு. மான் விழலன்னா மானமே போயிடும். ஜோடிக் காளையக் குடுத்துட்டு, மேல பைனாகுலர் மாதிரி கண்ணாடி வச்ச ரைபிள் வாங்குனாரு. தூரத்துல இருக்குற எறும்புகூட எரும மாதிரி தெரியுமாம்.

அந்தக் கண்ணாடிய ஆசையா தடவிப் பாத்தாரு. எவ்வளவு அகலமான நெத்தி... நடுவுல வச்சாரு பாருங்க ஒரு பொட்டு.

மறுவீட்டுக்கு மாப்பிள்ளை நல்லேந்திரன் வந்தாரு. மாமனாரோட அவரும் மலைக்குப் போனாரு. அதே மேடு, அதே மான். மருதமுத்து கண்ணு வச்சுப் பாத்துட்டு சொல்றாரு, "மாப்ள, இன்னைக்குப் பனி ஜாஸ்தி. செவப்பா எறங்கியிருக்கு."

மாப்பிள்ளை எட்டிப் பாத்தாரு. வேட்டி நுனியால அந்தப் பொட்டத் தொடச்சுட்டாரு. வேற யாராவது துப்பாக்கில கைய வச்சிருந்தா கைய ஒடிச்சிருப்பாரு. மாப்பிள்ளையாச்சே... பல்லக் கடிச்சுக்கிட்டுத் திரும்பவும் கண்ண வச்சாரு.

பாத்தாரு... பாத்துக்கிட்டே இருந்தாரு.

"என்ன மாமா, சுடலையா?"

"மாப்ள... அது மான் இல்ல. கரையான் புத்து. மேல காஞ்ச கெளை ரெண்டு."

மாப்பிள்ளை ரைபிள வாங்கிப் பாத்தாரு. பாத்துட்டு, மரியாதையா, மெதுவா கேட்டாரு. "இத்தன வருஷமா இதத்தான் சுட்டீங்களா மாமா? புத்துல ஒரு ஓட்டைகூட இல்லையே..."

மனுசனுக்கு அழுகையே வந்துருச்சு. சம்பந்திக்கு என்ன பதில் சொல்றது? தலையத் தொங்கப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து, வாசல்லயே நின்னு கேக்குறாரு. "அஞ்சல... கத்திரிக்கா இருக்கா?"

உள்ளருந்து அந்தம்மா சொல்லுச்சு. "காலையிலயே நறுக்கித் தண்ணில போட்டுட்டேன்."

சிரிக்கிறீங்கல்ல? யாரப் பாத்துச் சிரிக்கிறீங்க?

போன வருஷம் ஷூ மாத்துனோம். தை மாசம் ஆளுக்கொரு வாட்ச்சு கட்டுனோம், எத்தன அடி நடந்தோம்னு எண்ணுறதுக்கு. தொப்பை கொறஞ்சுதா? கொறையல. அதனால மிஷின் சரியில்ல. அவருக்குப் பொட்டு வச்சது யாரு? எதிரியா? அவரே, ஆசை ஆசையா வச்சாரு. நமக்கும் ஒண்ணு இருக்கு. காலையில ஏழு மணிக்கு, நடந்து முடிச்சதும், மைதானத்துக்கு எதிர்க்கடையில... உருண்டையா, சூடா, ஆளுக்கு மூணு போண்டா. அதத் தொடைக்காம மிஷின மட்டும் மாத்திக்கிட்டே இருந்தா, நம்ம வீட்டு அம்மாக்களும் கத்திரிக்காய் நறுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாங்க.

தலைவரே, அந்தத் தீர்மானத்த வாபஸ் வாங்கிட்டுப் பழைய மிஷினையே மேடைக்குக் கொண்டாரச் சொல்லுங்க. வேற யாரும் ஏற வேண்டாம், மொதல்ல நானே ஏறுறேன்... வர்ற வழியில நானும் ரெண்டு போண்டா சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்.