பீரோவுக்குள் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்

பெயர்: பிரீத்தி. வயது: 34. கணவர் பெயர்: கதிர். இருப்பிடம்: அரவேணு, கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம். தொழில்: தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தர்.

நான் மேற்படி ஊரில் என் கணவர் கதிர், மாமியார் சாந்தாமணி ஆகியோருடன் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். எங்களுக்குப் பூர்வீகம் காரமடை. என் கணவர் கல்யாண வீடியோ எடுத்து, அதை லேப்டாப்பில் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறார். மாமியாருக்குச் சென்ற வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் தெளிவாக இல்லை. எங்கள் வீடு எரிந்தது சம்பந்தமாக என் கணவர் பக்கத்து வீட்டு பொன்னுத்துரை மீது புகார் கொடுத்திருக்கிறார். நான் சொல்லப்போவது அந்தப் புகாருக்கு மாறாக இருக்கும் என்பது தெரிந்துதான் வந்திருக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பொன்னுத்துரை சிறு வயதில் இலங்கையிலிருந்து பெற்றோருடன் வந்தவர். எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது கூலி வேலைக்குப் போகிறார். அவருடைய மனைவி ஆண்டாயி. மாமியார் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து, நாங்கள் இருவரும் வேலைக்குப் போன நேரங்களில் ஆண்டாயிதான் வந்து வந்து பார்த்துக்கொண்டார். இந்த மழை தொடங்கியபோது என் கணவர் எங்கள் பின்பக்கக் கூரையில் புதிய தகரம் போட்டார். அதிலிருந்து வழியும் தண்ணீர் முழுவதும் கீழே இருக்கும் பொன்னுத்துரையின் வாசலில் விழுந்து மண்ணை அரித்தது. அது சம்பந்தமாக இருவருக்கும் வாக்குவாதம் ஏற்பட்டது. அப்போது பொன்னுத்துரை, "அடுத்தவன் வாசல அழிச்ச வீடு பத்தித்தான் எரியும்" என்று சத்தம் போட்டது உண்மை. தெருவில் நான்கு பேர் கேட்டார்கள். நானும் கேட்டேன். அதன் பிறகு ஆண்டாயி எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். அன்று முதல் நாங்கள் வெளியே போகும்போது பின்கதவை உள்ளே தாழிட்டு, முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவோம். மதியம் நான் வந்து மாமியாருக்குச் சோறு ஊட்டிவிட்டு மறுபடியும் பூட்டிவிட்டுப் போவேன்.

லேப்டாப்பைப் பற்றிச் சொல்வதென்றால், எங்கள் முன்னறைக் கூரையில் ஒழுக்கு உண்டு. மழைக் காலத்தில் மேசை, நாற்காலி எல்லாம் ஈரமாகிவிடும். மாமியார் படுத்திருக்கும் உள்ளறையில் ஒரு மர பீரோ இருந்தது. துணிமணி, கம்பளி பூசணம் பிடிக்காமல் இருக்க இந்தப் பக்கம் பலரும் செய்வதுபோல் நாங்களும் அதற்குள் ஒரு சின்ன குண்டு பல்பை எப்போதும் எரியவிட்டிருப்போம். என் கணவர் கேமராவை அதில்தான் வைப்பார். இந்த வருடம் லேப்டாப்பையும் அதில் வைக்க ஆரம்பித்தார். அணைத்து வைப்பதில்லை. ஒரு கல்யாண வீடியோவை முழுப் படமாக மாற்ற அந்த லேப்டாப்புக்கு அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால், வேலையைத் தொடங்கிவிட்டு, மூடிய பிறகும் ஓடுகிற மாதிரி செய்து, சார்ஜர் வயரைக் கதவிடுக்கில் விட்டு, கம்பளிகளின் மேல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவார். நான் ஒரு முறை அதை வெளியே எடுத்தபோது அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போல் சுட்டது. அதை அவரிடம் சொன்னேன். அவர், "இந்தக் குளுருல எங்க சூடாகுது? பிரிட்ஜுக்குள்ள வெச்ச மாதிரி கெடக்குது" என்று சிரித்தார்.

அதன் பிறகு லேப்டாப் அடிக்கடி தானாகவே அணைய ஆரம்பித்தது. கீ போர்டுக்குக் கீழே விரலால் தேய்க்கிற இடம் மேடாக எழும்பி, மூடி சரியாக மூடவில்லை. என் கணவர் வெளியூர் போயிருந்ததால் நான் அதைக் குன்னூரில் ஜெனிஸ் என்பவருடைய ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனேன். அவர் பின்பக்கம் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேட்டரி உப்பிப்போச்சுங்க்கா. எங்க வெச்சு ஓட்டுறீங்க?" என்று கேட்டார். பீரோவுக்குள் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஊரு குளுரா இருந்தா மட்டும் பத்தாதுங்க்கா. உள்ள இருக்கிற சின்ன ஃபேன் சூட்ட வெளிய தள்ளும், மூடி வெச்சா அதே சூட்டத்தான் திரும்ப இழுக்கும். மிஷினும் கெடும், பேட்டரி தீயே புடிக்கும். பேட்டரிய மாத்தாம இத ஓட்டாதீங்க" என்றார். பேட்டரி கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்றும் சொன்னார். நான் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து இதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். கையில் இருக்கிற கல்யாணத்தை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னார். நான் மாமியாருக்குப் படுக்கை மாற்றப் போய்விட்டேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலையில் என் கணவர் பிக்கட்டியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும் முன், லேப்டாப்பில் வேலையைத் தொடங்கி பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியதை நான் நேரில் பார்த்தேன். மதியம் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து மாமியாருக்கு ரசஞ்சோறு ஊட்டினேன். பீரோ அவருடைய கட்டிலை ஒட்டித்தான் இருந்தது. அதன் கதவு வெதுவெதுப்பாக இருந்தது. எனக்குக் கை விறைத்திருந்ததால் கொஞ்ச நேரம் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் கதவில் வைத்துச் சூடேற்றிக்கொண்டேன். கதவைத் திறந்து பார்க்கவில்லை. அதன் பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

நான் போய்ச் சேர்ந்து சிறிது நேரத்தில் ஆண்டாயி போன் செய்து, "வீட்டுல பொக வருது புள்ள, ஓடியா, ஓடியா" என்று அலறினார். நான் ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது உள்ளறைக் கூரை வழியாகத் தீ வெளியே தெரிந்தது. மாமியாரை ஆண்டாயி வீட்டு வாசலில் கிடத்தி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இடது பாதம் வெந்திருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பொன்னுத்துரை பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி மழையில் நனையவிட்டுக்கொண்டிருந்தார்.

நடந்ததை அங்கிருந்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். பொன்னுத்துரை எங்கள் கூரைத் தண்ணீரைத் திருப்பிவிடத் தன் வாசலில் மம்பட்டியால் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வரவே, முன்கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதே மம்பட்டியால் பின்கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார். பீரோவிலிருந்து தீ கட்டிலுக்குத் தாவி, மாமியார் போர்த்தியிருந்த கம்பளி எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதை வெறுங்கையால் இழுத்து எறிந்துவிட்டு அவரைத் தூக்கி வந்திருக்கிறார். மம்பட்டியோடு எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்றார், கதவை உடைத்தார் என்று புகாரில் இருப்பது இதுதான். பின்பக்கத்தில் தீ இல்லை. தீயணைப்பு வண்டிக்காரர்கள் பீரோ உள்ளிருந்து வெளிப்பக்கமாக எரிந்திருப்பதைக் காட்டி, அதற்குள் என்ன வைத்திருந்தீர்கள் என்று பிக்கட்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்த என் கணவரிடம் என் முன்னால் கேட்டார்கள். துணிதான் என்று அவர் பதில் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள், மாமியாரையும் பொன்னுத்துரையையும் சேர்த்திருந்த ஊட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவரிடம், "ஏனுங்க, லேப்டாப்ப பீரோவுக்குள்ள வெச்சது நீங்கதானுங்க. அத ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"மேசை மேல இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயும் அதையே சொல்லீரு."

"அவரு கை ரெண்டும் வெந்து கெடக்குதுங்க."

அவர், "எங்கம்மாவ நானே கொளுத்துனேன்னு சொல்லச் சொல்றயா பிரீத்தி?" என்று கேட்டார். அவர் தாயார் மேல் உயிரையே வைத்திருப்பவர். தினமும் காலையில் அவருக்குத் தலை வாரிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

அதன் பிறகு நான் ஆண்கள் வார்டுக்குப் போய் பொன்னுத்துரையைப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். ஆண்டாயி தன் கணவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். பொன்னுத்துரை என்னைப் பார்த்ததும், "அம்மாவுக்கு எப்பிடி இருக்கு மகள்? கண்ணு முழிச்சாங்களா?" என்று கேட்டார். முழித்துவிட்டார் என்று சொன்னேன். ஆண்டாயி என்னைப் பார்க்காமலே, "கேஸ் போட்டுட்டாரு உங்க வீட்டுக்காரர். வெலங்கு போடட்டும். போட கை எங்க இருக்கு?" என்றார். விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என டாக்டர் சொன்னதாகத் தெரிகிறது. நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை ஆண்டாயி வாங்கிக்கொள்ளவில்லை. கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.

இன்று மாலை வேலை முடியும் நேரத்தில் என் கணவருக்குப் போன் செய்து, காவல் நிலையத்துக்குப் போகிறேன், நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்று தெரிவித்தேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே வந்தபோது பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார். தன்னுடைய மழைக்கோட்டைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். என்னை இங்கே இறக்கிவிட்டவர் அவர்தான். இப்போதும் வெளியே நிற்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் உண்மையைச் சொல்வார் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டாலும் என் சாட்சி இதுதான்.

நான் சொன்னவற்றைப் பெண் தலைமைக் காவலர் தெய்வம்மா எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் "எதிரி பொன்னுத்துரை" என்று எழுதியிருந்தது. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்று அவர் சொன்னார். வழக்கமாக இருக்கலாம், என் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை, ஆகவே என் வாக்குமூலத்தில் அது இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அதன் பேரில் அந்த வார்த்தை அடிக்கப்பட்டது. மற்றவை அனைத்தும் நான் கண்டபடியும் கேட்டபடியும் சரியாக உள்ளன என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

அடித்தல்: ஒன்று.

(ஒப்பம்)
க. பிரீத்தி