தறிக்கூடத்துப் பேச்சு

— கத்தாதீங்க அண்ணி! இது மில் இல்லை, வேலைவாய்ப்பு ஆபீஸ். வரிசையில நிக்கிற அத்தனை ஜனமும் நம்மளையே திரும்பிப் பாக்குது.

— என்னடி பண்றது வெர்னெல்? முப்பத்தொரு வருஷம் தறிச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி என் ரகசியமே இப்படித்தான் வருது.

— அப்ப தறிக்கூடத்துல பேசின மாதிரியே பேசுவோம். உதடு மட்டும் அசையட்டும். இங்க எவளுக்குப் புரியப் போகுது?

— சரி. தொண்டையை மூடிட்டேன். தெரியுதா?

— பளிச்சுன்னு தெரியுது, ஓலீட்டா அண்ணி. காலையில வெங்காயம் தின்னதுகூடத் தெரியுது.

— கழுதை! கண்ணாடி அறைக்குள்ள என்ன பேசிக்கிறாங்கன்னு பாத்துச் சொல்லு. நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன். பயமா இருக்கு. பக்கத்துல உக்காந்து உன் மூஞ்சியைத்தான் பாப்பேன்.

— என் மூஞ்சிக்கு வந்த அதிர்ஷ்டம்! இருங்க… உங்க மனுவை வாங்கின சின்னப் பொண்ணு நம்ம பக்கம் பாத்து உக்காந்திருக்கா. அவ பக்கத்துல டை கட்டின பெரியவர். அவர் சொல்றார்… 'அம்பத்தாறு வயசுல ரெண்டு வருஷ நர்ஸ் படிப்பு எதுக்கு? ஆறு வாரம் டைப்பிங் கத்துக்கிட்டுப் போகட்டும்.'

— பாத்தியா? எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்.

— உக்காருங்க பேசாம! நம்ம மில்லை நாமளா மூடினோம்? கப்பல் கப்பலா வெளிநாட்டுத் துண்டு வந்து இறங்கிச்சு, மில்லு படுத்துச்சு. அப்படி வேலை போனவங்களைப் படிக்க வைக்கத்தான் அரசாங்கம் இந்தப் பணத்தையே ஒதுக்கி வச்சிருக்கு. எனக்குப் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டக் கத்துக் குடுத்தாங்களே!

— உனக்குக் குடுத்ததை நெனச்சுத்தான் இப்ப யோசிக்கிறாங்களோ என்னமோ. முதல் நாளே வாத்தியார் காரை நசுக்கினவதானே நீ?

— கார் இல்லை, தபால் பெட்டி. ஏன் கூட்டிச் சொல்றீங்க? இருங்க, பொண்ணு பேசறா. 'சார், இந்தக் குளிர்காலத்துலதான் பள்ளிக்கூடப் பரீட்சையே எழுதினாங்க. கணக்குல தொண்ணூத்தொண்ணு.'

— சொன்னாளா? மகராசி!

— 'முப்பத்தொரு வருஷத்துல நாலே நாள்தான் லீவு எடுத்திருக்காங்க.'

— அதுல மூணு நாள் உன் அண்ணனைக் கட்டிக்கிட்டதுக்கு. அதையும் சொல்லச் சொல்லு.

— பெரியவர் கேக்கறார்… 'ஏன் நர்ஸ் படிப்புதான் வேணுமாம்? காரணம் எழுத வேண்டிய கட்டம் காலியா இருக்கே. இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது.' ஐயையோ, முதுகைக் காட்டித் திரும்பிட்டார். இனிமே அவர் பேசறது தெரியாது. ஏன் அண்ணி எழுதலை?

— எழுதினா சிரிப்பாங்க.

— எங்கிட்டச் சொல்லுங்க. நான் எப்படியும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— உங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாரே, ஞாபகம் இருக்கா? நீ ராத்திரி ஷிஃப்ட்டுல இருந்த, நான் பகல் ஷிஃப்ட்டு முடிச்சுட்டு வந்து துணைக்கு இருந்தேன். தொண்டையில குழாய் போட்டிருந்தாங்க, குரல் வராது. உதட்டை அசைச்சுக்கிட்டே இருந்தார். வலியில துடிக்கிறார்னு நெனச்சு ஊசி போட வந்துட்டாங்க. நான் பாத்தேன், 'கால் குளிருது'ன்னு சொல்றார். அவ்வளவுதான்டி! காலுறையை மாட்டினேன், குழந்தை மாதிரி தூங்கிட்டார்.

— இதை நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லையே.

— அதோட விட்டாங்களா? மறுநாள் அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டாங்க. ஒரு வாரத்துல வார்டு முழுக்கச் சுத்தினேன். ஒருத்தருக்குத் தலையணை உசரம், ஒருத்தருக்கு மூக்கு அரிப்பு, ஒரு தாத்தா டாக்டரைக் கெட்ட வார்த்தையில திட்டினார், அதை மட்டும் நான் சொல்லலை. டாக்டர் என்னைப் பாத்து, 'நீங்க எந்த வார்டு நர்ஸ்?'னு கேட்டார். அப்ப வந்த சந்தோஷம் இருக்கே, என் கல்யாணத்தன்னிக்குக்கூட வரலை.

— எங்க அண்ணன் காதுல விழப் போகுது!

— அவரும் தறிக்கூடம்தானே, காதுல என்ன விழும்? எனக்கு அந்த வேலை வேணும் வெர்னெல். அவ்வளவு ஆசையா இருக்கு. இதைப் போயி அந்தச் சின்னக் கட்டத்துல எப்படி எழுதறது?

— அந்தப் பொண்ணு ஏன் பதிலே சொல்லாம இங்கயே பாத்துக்கிட்டிருக்கா? ஆங், இப்பப் பேசறா. 'சார், தொண்டையில குழாய் போட்டவங்க என்ன கேக்கறாங்கன்னு இவங்களால உதட்டைப் பாத்தே படிக்க முடியும். ஒரு வார்டு முழுக்கப் படிச்சிருக்காங்க. கால் குளிருது, தலையணை, மூக்கு அரிப்பு…'

— என்னடி சொல்ற?

— 'அப்படி ஒரு நர்ஸ் நம்ம ஜில்லாவுல யாராவது இருக்காங்களா?' அண்ணி, பெரியவர் தோள் குலுங்குது. சிரிக்கிறார்! பேனாவை எடுத்துட்டார்! கையெழுத்துப் போடறார் அண்ணி!

— மூக்கு அரிப்பு அவளுக்கு எப்படித் தெரியும்? இப்பத்தானே உங்கிட்டச் சொன்னேன், அதுவும் சத்தமே இல்லாம!

— இருங்க. நம்மளை நேராப் பாத்து வாயை அசைக்கிறா, குரலே இல்லாம. 'அந்தக் கட்டத்தை நானே நிரப்பிட்டேன், ஓலீட்டாம்மா. திங்கக்கிழமை வகுப்பு. எங்கம்மாவும் தறிக்கூடம்தான், எங்க வீட்டுலயும் உதட்டுப் பேச்சுதான், கதவுக்கு அந்தப் பக்கம் நின்னா யாருக்கும் எதுவும் கேக்காது.'